இடைநின்று மாற்றும் செயலியும் அதன் சோதனையும்: 'திருகோணமலை' என்னும் சொல்லை முன்வைத்து

ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்தோர் மூலத்துக்கும் வாசகருக்கும் இடையில் நின்று உழைத்தவர்கள். ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவிலும், துணைக்காலும் ரகரமும் வேறுபாடின்றியும் எழுதப்பட்ட ஏடுகளில் எது எதுவெனத் தீர்மானித்தவர்கள் அவர்களே. ஆயினும் அவர்களின் பெயர் நூலின் முகப்பில் இடம்பெறுவதில்லை. இன்றைய இணையச் செயலிகளிலும் இத்தகைய இடைநிலை ஒன்றுண்டு. அதனை 'மிடில்வேர்' என்பர். வழங்கியில் உருவாகும் மறுமொழி வாசகரைச் சென்றடையுமுன் அதனைத் திருத்தியோ சுருக்கியோ அனுப்புவது அதன் தொழில்.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் எழுத்தாளர்களைப் பட்டியலிடும் செயலி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கு பிறந்து 1895இல் 'மோகனாங்கி' நாவலை வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை அதில் கட்டாயம் இடம்பெறுவார். அவரது ஊர்ப்பெயரே நமக்கு ஏற்ற சோதனைப் பொருளாகும். 'திருகோணமலை' கண்ணுக்கு ஆறெழுத்து. யுனிகோட் முறையில் அது 10 குறியீடுகள், யு.டி.எஃப்.-8 முறையில் குறியீட்டுக்கு 3 பைட்டாக 30 பைட்டுகள். ஆனால் 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். இரண்டாம் முறையில் சொல் 33 பைட்டுகளாகிறது. திரையில் இரண்டும் ஒன்றே; கணினிக்கோ இவை இரு வேறு சொற்கள்.

பிரிந்த வடிவை ஒன்றிய வடிவாக்குவதே நாம் ஆராயும் மிடில்வேரின் பணி எனக் கொள்வோம். இதனைச் சோதிக்கத் தரவுத்தளமோ முழு வழங்கியோ வேண்டியதில்லை. உதாரணமாக, ஜாங்கோ சட்டகத்தில் மிடில்வேர் என்பது, வேண்டுகோளைப் பெற்று மறுமொழி தரும் ஒரு செயற்கூற்றைத் தனக்குள் வாங்கிக்கொள்வது. அவ்விடத்தில் 33 பைட்டுச் சொல்லை மட்டும் தரும் போலிச் செயற்கூறு ஒன்றை வைத்தால் போதும். வெளிவருவது 30 பைட்டுகளா என்று பார்க்கலாம். அலகுச் சோதனை என்பது இதுவே.

இங்கு எதிர்பார்க்கும் விடையைக் குறியீட்டு எண்களாகவே எழுதுதல் வேண்டும். விசைப்பலகையில் தட்டெழுதினால் எந்த வடிவம் பதிந்தது என்பதைக் கண் அறியாது. அவ்விடையை அதே மிடில்வேரைக் கொண்டு உருவாக்குவதோ இன்னும் மோசம். தன்னைத் தானே அளவுகோலாகக் கொள்ளும் கருத்துமுதல்வாதம் இதுபோன்றதே!

உடலை மாற்றிய மிடில்வேர் தலைப்பை மறப்பது அடிக்கடி நிகழும் பிழை. உள்ளடக்க நீளம் 33 என்றே தலைப்பில் நிற்குமாயின், உலாவி வராத 3 பைட்டுகளுக்காகக் காத்திருக்கும்; அல்லது மறுமொழி முழுமையற்றதெனக் கொள்ளும். ஆகவே சோதனை உடலையும் தலைப்பையும் ஒருங்கே நோக்க வேண்டும். மறுமொழி துண்டு துண்டாக அனுப்பப்படும்போது சிக்கல் மேலும் நுட்பமானது. ஒரு துண்டு 'கே' என முடிந்து, அடுத்தது துணைக்காலுடன் தொடங்கினால், துண்டுகளைத் தனித்தனியே திருத்தும் மிடில்வேர் எவ்விதப் பிழைச்செய்தியுமின்றித் தோற்கும். துண்டு 3 பைட்டுக் குறியீடொன்றின் நடுவிலேயே முறியவுங்கூடும். இவ்விரு முறிவுகளையும் போலிச் செயற்கூறு வேண்டுமென்றே உண்டாக்குதல் அவசியம்.

மாற்றக்கூடாதவற்றை மாற்றவில்லை என்பதும் நிறுவப்படல் வேண்டும். படங்களும் ஏற்கெனவே சுருக்கப்பட்ட மறுமொழிகளும் தொடப்படாமல் வெளிவர வேண்டும். 'திருக்கோணமலை' எனக் ககர ஒற்றுடன் ஒருவர் எழுதியிருப்பின் அதுவும் அவ்வாறே நிற்க வேண்டும். ஒற்று மிகுமா என்பது புலவர்கள் தீர்க்கவேண்டிய வழக்கு. மிடில்வேருக்கு அங்கு இடமில்லை. திருத்தப்பட்டதை மறுமுறை செலுத்தினாலும் விடை மாறலாகாது.

எனினும் இச்சோதனைகள் யாவும் வெற்றிபெற்ற பின்னரும் பட்டியல் வாசகரைக் கைவிடலாம். தரவுத்தளத்தில் ஊர்ப்பெயர் பிரிந்த வடிவில் கிடக்க, மிடில்வேர் ஒன்றிய வடிவைக் காட்டுகிறது. வாசகர் தாம் கண்ட பெயரையே படியெடுத்துத் தேடுகிறார், சரவணமுத்துப்பிள்ளை கிடைப்பதில்லை. மிடில்வேர் தன் கடமையைச் செவ்வனே செய்தமையாலேயே இம்முரண்பாடு தோன்றுகிறது. தனித்த கூற்றின் சோதனை இதனைக் காட்டாது. பட்டியலில் கண்ட பெயரைத் திரும்ப வேண்டுகோளாக அனுப்பும் முழுச்சுற்றுச் சோதனையொன்று இதற்கு வேண்டும். தேடுசொல்லும் சேமித்த சொல்லும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரப்பட்டால்தான் அச்சோதனை வெற்றிபெறும். அந்த வேலை மறுமொழியைத் திருத்துவதற்கு முன்பே, பதிவேற்றும் கட்டத்திலேயே தொடங்குகிறது.