பச்சை இலை போட்ட டப்பா!
"இயற்கை" என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

முகம் வெளுக்க வேண்டும் என்று கிரீம் பூசினார்கள். கடைசியில் சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்!

இது கட்டுக்கதை அல்ல. கேரளாவில், மலப்புரம் மாவட்டத்தில், கோட்டக்கல் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆயுர்வேத வைத்தியத்துக்குப் பேர் போன ஊர். அங்குள்ள ஓர் ஆஸ்பத்திரிக்கு 2021 ஜூலையில் இருந்து 2023 செப்டம்பர் வரை, ஒரே மாதிரியான சிறுநீரகக் கோளாறுடன் 22 பேர் வந்து சேர்ந்தார்கள். இந்தக் கோளாறு வந்தால் கால் வீங்கும். முகம் உப்பும். சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகும். ரத்தத்தில் தங்க வேண்டிய புரதச் சத்து, சிறுநீரோடு வெளியே ஓடிவிடும்.

டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 22 பேரில் 15 பேருக்கு வந்திருந்தது, அபூர்வமான ஒரு வகை. இது இத்தனை பேருக்கு எப்படி வந்தது? என்ன சாப்பிட்டீர்கள், என்ன மருந்து குடித்தீர்கள், என்ன பூசினீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். 15 பேரில் 13 பேர், சிவப்பழகு கிரீம் பூசியதாக ஒப்புக்கொண்டார்கள்.

அந்தக் கிரீம்களில் இருந்தது பாதரசம்!

நல்ல வேளை, பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. 2023-ல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் "ஆபரேஷன் சௌந்தர்யா" என்று பெயர் வைத்து, கடை கடையாக ஏறி இறங்கிச் சோதனை போட்டார்கள்.

தோலுக்குக் கறுப்பு நிறம் கொடுப்பது மெலனின் என்ற பொருள். பாதரசம் உள்ளே போய், அது உண்டாகாமல் தடுக்கிறது. அதனால்தான் சில நாட்களிலேயே முகம் "பளிச்" என்று ஆகிறது. ஆனால் பாதரசம் தோலோடு நின்றுவிடுமா? ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. நரம்பையும் தாக்குகிறது. கிரீம் பூசிய தாயின் துண்டு, தலையணை உறை வழியாகக் கைக்குழந்தைக்கும் போய்ச் சேருகிறது.

ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவர் ஊரில், தொழிற்சாலைக் கழிவில் வந்த பாதரசம் மீனில் சேர்ந்தது. மீனைத் தின்றவர்களுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. 1956-ல் அந்த நோய் வெளியே தெரிந்தது. அந்த ஊரின் பெயராலேயே 2013-ல் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. இந்தியாவும் 2018-ல் அதில் சேர்ந்தது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2025-க்குள் முற்றிலும் ஒழிப்பது என்று, 2023-ல் ஜெனீவாவில் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். முடிவு காகிதத்தில் இருக்கிறது. டப்பா கடையில் இருக்கிறது!

பாதரசம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பூமியில் இருந்துதான். அதுவும் இயற்கைப் பொருள்தான்!

கடைத் தெருவில் ஒரு காட்சி

எந்த ஊர்க் கடைத் தெருவிலும் இதைப் பார்க்கலாம். தாயும் மகளும் கடைக்கு வருகிறார்கள்.

"இந்த சோப்பை எடுத்துக்கோம்மா. வேப்பிலை படம் போட்டிருக்கு, பாரு" என்கிறாள் மகள்.

"வேப்பிலை சோப்பா? நல்லதுதான், கண்ணு. போடு பையில" என்கிறார் தாய்.

முடிந்தது வியாபாரம்! டப்பாவைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

படம் வேறு, பொருள் வேறு. "இயற்கை", "மூலிகை" என்ற சொற்களை அழகுப் பொருளின் மேல் போட, இவ்வளவு சதவிகிதம் மூலிகை இருக்க வேண்டும் என்று நம் நாட்டு அழகுப் பொருள் விதிகளில் அளவு எதுவும் இல்லை. நூறு பங்கில் கால் பங்கு வேப்ப எண்ணெய் விட்டாலும் வேப்பிலைப் படம் போடலாம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? டப்பாவின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். பொடி எழுத்தில், சேர்ந்துள்ள பொருள்களின் பட்டியல் இருக்கும். 2020-ம் ஆண்டு விதிப்படி, ஒரு சதவிகிதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அதிகமானது முதலில், குறைவானது பின்னால் என்ற வரிசையில் எழுத வேண்டும். இது பெரிய உபகாரம்! முன்பக்கம் கற்றாழைப் படம். பின்பக்கப் பட்டியலில் கற்றாழை கடைசியில் நொண்டிக்கொண்டு வந்தால், அது பேருக்குத்தான் கற்றாழை.

பெயர்கள் ஆங்கிலத்திலும் லத்தீனிலும் இருக்குமே, நமக்கு எப்படிப் புரியும்? பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். "அசாடிராக்டா இண்டிகா" என்று வந்தால் வேம்பு. "அலோ பார்படென்சிஸ்" என்றால் கற்றாழை. "அக்வா" என்று வந்தால் பயப்பட வேண்டாம், அது தண்ணீர்! சோப்பில் "சோடியம் கோகோவேட்" என்றால் தேங்காய் எண்ணெயில் செய்தது. "சோடியம் பாமேட்" என்றால் பாமாயில். "சோடியம் டாலோவேட்" என்றால் மிருகக் கொழுப்பு. சைவக் குடும்பத்தார் இந்தக் கடைசிப் பெயரை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம்.

"பெர்பூம்" அல்லது "பிராக்ரன்ஸ்" என்றால் வாசனை. ஒரு சொல்லுக்குள் பல வாசனைப் பொருள்கள் ஒளிந்திருக்கும். தோல் சீக்கிரம் சிவந்து அரிக்கிறவர்கள், இந்தச் சொல் இல்லாத டப்பாவைத் தேடுவது நல்லது.

"ஆர்கானிக்" என்பது இன்னொரு சொல். ரசாயன உரம், ரசாயனப் பூச்சி மருந்து போடாமல் விளைந்த பயிரில் செய்தது என்று பொருள். ஐரோப்பாவில் "காஸ்மாஸ்" என்று ஒரு முத்திரை உண்டு. அதில் "ஆர்கானிக்" என்று போட, மொத்தப் பொருளில் 20 சதவிகிதமாவது இயற்கை விவசாயத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும். கழுவிவிடும் சோப்பு, ஷாம்பு ஆனால் 10 சதவிகிதம் போதும். முத்திரை உள்ள சரக்கிலேயே இவ்வளவுதான் கட்டாயம்! முத்திரையே இல்லாமல் "ஆர்கானிக்" என்று மட்டும் எழுதிய டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

சோப்பா, சோப்பு மாதிரியா?

"இதில் கெமிக்கல் கிடையாது" என்று ஒரு சோப்பு விற்கிறவர் சொன்னால், சிரித்துவிட்டு வந்துவிடலாம். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேராமல் சோப்பே கிடையாது. வீட்டில் கையால் செய்த சோப்பும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிடுகின்றன. சரியான அளவில் செய்தால் காஸ்டிக் மிஞ்சாது. தப்பாகச் செய்தால் மிஞ்சும்; தோல் எரியும்.

சோப்பை அளக்க ஒரு நம்பர் உண்டு. உறையில் "டி.எப்.எம்." என்று போட்டிருக்கும். அந்தச் சோப்பில் கொழுப்புச் சத்து எத்தனை சதவிகிதம் என்று காட்டுவது அது. இந்தியத் தர நிர்ணயப்படி, 76 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல் தரம். 70-க்கு மேல் என்றால் இரண்டாம் தரம். 60-க்கு மேல் என்றால் மூன்றாம் தரம். இவை "டாய்லெட் சோப்". உறையில் "பேதிங் பார்" என்று இருந்தால், அது வேறு ஜாதிச் சரக்கு. அதில் 40 சதவிகிதம் இருந்தாலே போதும் என்று விதி.

நம்பர் குறைந்தால் என்ன ஆகும்? சோப்பு சீக்கிரம் கரையும். குளியலறையில் கூழாகக் கிடக்கும். விலை குறைவு என்று வாங்கிய சோப்பு, மாதத்துக்கு இரண்டு கூடுதலாகச் செலவாகும். மூலிகைப் பெயர் சூட்டிய சோப்புகளிலும் இந்த நம்பரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று. நம் தோல் லேசான புளிப்புத் தன்மை உள்ளது. சோப்பு காரத் தன்மை உள்ளது. எவ்வளவு உயர்ந்த சோப்பாக இருந்தாலும் இது மாறாது. அதனால் தோல் வறண்டவர்களும் வயதானவர்களும் உடம்பு முழுவதும் ஒரு நாளைக்கு மூன்று தடவை தேய்ப்பது நல்லதல்ல.

மஞ்சளிலும் மோசடி

கஸ்தூரி மஞ்சள் என்றால் எது? கடையில் கேட்டால், பளீர் மஞ்சளாக ஒரு பொடியைக் கொடுப்பார்கள். பூசினால் முகமெல்லாம் மஞ்சள் அப்பும். அது பெரும்பாலும் வேறு இனக் கிழங்கு! உண்மையான கஸ்தூரி மஞ்சளை வெட்டிப் பார்த்தால், உள்ளே வெளிறிய தந்த நிறம். முகர்ந்தால் கற்பூர வாசனை. முகத்தில் கறை ஒட்டாது. கறை ஒட்டாததனால்தான் ஆண்பிள்ளைகளும் பூசிக்கொள்ளலாம் என்று பாட்டிமார் சொல்வார்கள்.

ஆகவே பொடியாக வாங்குவதைவிட கிழங்காக வாங்குவது மேல். பொடியில் எதையும் கலக்கலாம். மஞ்சளுக்கு நிறம் ஏற்ற ஈயம் கலந்த சாயத்தைச் சேர்த்ததை, வங்காள தேசத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

தேங்காய் எண்ணெய்க்கு எளிய சோதனை உண்டு. சுத்தமான தேங்காய் எண்ணெய், சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் வீட்டுப் பாட்டில் எல்லாம் வெள்ளையாக உறைந்து நிற்கும்போது, ஒரு பாட்டில் மட்டும் தண்ணீராக ஆடினால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

செடியும் சுடும்!

"செடியில் இருந்து வந்ததுதானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. சேராங்கொட்டையும் மரத்தில் காய்ப்பதுதான். துணியில் அழியாத குறி போடச் சலவைத் தொழிலாளர்கள் அதன் பாலைப் பயன்படுத்தினார்கள். அந்தப் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும்!

எலுமிச்சம் பழத்தை எடுத்துக்கொள்வோம். முகத்தில் தேய்த்தால் நிறம் வரும் என்று தேய்த்துக்கொண்டு, வெயிலில் நடக்கிறார்கள் பெண்கள். அந்தச் சாற்றில் உள்ள ஒரு பொருள், வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கும் சக்தி உடையது. நிறம் வருவதற்குப் பதில் கரும் திட்டு வந்து, மாதக் கணக்கில் போகாது.

மருதாணி மிகவும் சாது. ஆனால் அது கறுப்பாகச் சிவக்காது. ஆரஞ்சும் செங்காவியும்தான் அதன் நிறம். நிறம் பிடிக்கச் சில மணி நேரம் ஆகும். அரை மணியில் கன்னங்கரேல் என்று பிடிக்கிற "கறுப்பு மெஹந்தி"யில், தலைச் சாயத்தில் போடும் "பி.பி.டி." என்ற மருந்து கலந்திருக்கக்கூடும். அது சிலருக்குக் கையைப் புண்ணாக்கிவிடும். ஒரு தடவை ஒத்துக்கொள்ளாமல் போனால், பிறகு ஆயுசுக்கும் அந்த மருந்து கலந்த தலைச் சாயம் பூச முடியாமல் போகலாம். கலியாண வீட்டில், மணப்பெண்ணின் கையில் முதல் நாள் இரவு இதைப் போட்டுவிட்டால் மறுநாள் என்ன கதி!

எதுவானாலும் முதலில் சோதித்துப் பார்ப்பது உத்தமம். முழங்கையின் உள்பக்கத்தில், காலணா அகலத்துக்குப் பூச வேண்டும். இரண்டு நாள் பார்க்க வேண்டும். ஒரு வாரம் பார்த்தால் இன்னும் நல்லது. அரிப்பு, சிவப்பு, கொப்பளம் இல்லை என்றால் முகத்துக்குப் போகலாம். கைக்குழந்தையின் கண்ணில் மை இடுவதை மட்டும் சோதனைக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம். மையிலும் சுர்மாவிலும் ஈயம் இருந்தது பல நாடுகளில் தெரியவந்திருக்கிறது.

மிஷின்காரர் திருப்பி அனுப்புவார்!

வீட்டிலேயே செய்துகொள்ளலாமா? செய்யலாம். சீயக்காயின் தோலில் நுரைக்கும் சத்து இருக்கிறது. அழுக்கை எடுக்கும், காரம் இல்லை. அதனோடு வெந்தயம், பச்சைப் பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் சேர்த்து, நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் வண்டு வரும், பூசணம் பிடிக்கும். கண்ணில் பட்டால் எரியும், குழந்தைகளுக்குக் கவனம்.

பொடியைக் காற்றுப் புகாத டப்பாவில் பல மாதம் வைத்திருக்கலாம். ஆனால் தண்ணீர் சேர்ந்த எதையும் அப்படி வைக்கக் கூடாது. கற்றாழைச் சோற்றை அரைத்து, கெடாமல் இருக்க எதுவும் போடாமல் பாட்டிலில் அடைத்தால், அதில் கிருமி குடியேறும். கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்கு வெட்டியதை அன்றைக்கே பூசிவிட வேண்டும். "பதப்படுத்தும் மருந்தே கிடையாது" என்று விளம்பரம் செய்து, இரண்டு வருஷம் கெடாது என்றும் எழுதியிருக்கிற கிரீமைப் பார்த்தால், இரண்டில் எது பொய் என்று கடைக்காரரைக் கேட்கலாம்.

கடைச் சரக்கில் தயாரித்தவர் பெயர், விலாசம், லைசென்ஸ் நம்பர், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் விலாசமும் பதிவு எண்ணும் வேண்டும். பெயர், விலாசம் இல்லாமல், "ஏழே நாளில் சிவப்பு" என்று மட்டும் எழுதியிருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஏமாந்துபோனவர்கள் 1915 என்ற நம்பருக்கு டெலிபோன் செய்து, நுகர்வோர் புகார் கொடுக்கலாம்.

சீயக்காய் அரைக்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். மாவு மிஷினுக்குக் கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்து அரைக்க வருகிறவரின் அரிசி மாவு கசந்து போகும் அல்லவா? சீயக்காய்க்கென்று தனி மிஷின் வைத்திருக்கிற இடத்தை விசாரித்துக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொள்ள ஒரு துணியையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அங்கே தும்மல் நிற்காது!