வயசு முப்பத்தாறு... வசந்தி நமக்கு யாரு?



குழுக் கூட்டத்தில் புதிய பொறுப்புக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டால், "எனக்கு வயசாயிடுச்சுக்கா, இனிமே என்னத்த..." என்ற பதில்தான் முதலில் வரும். சொல்கிறவருக்கு முப்பத்தைந்தோ நாற்பதோதான் இருக்கும். இதைக் கேட்கும்போதெல்லாம் '36 வயதினிலே' படத்தின் வசந்தி ஞாபகத்துக்கு வருகிறாள்.

இந்தப் படம் 2015-ல் வந்தது. ரோஷன் ஆண்ட்ரூஸ் இயக்கியது. இவரே 2014-ல் மஞ்சு வாரியரை வைத்து மலையாளத்தில் எடுத்த 'ஹவ் ஓல்ட் ஆர் யூ' படம்தான் தமிழுக்கு வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பல வருஷம் நடிக்காமல் இருந்த ஜோதிகா, வசந்தியாகத் திரும்பி வந்தார். டி.வி.யில் பலரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

வசந்தி அரசு அலுவலகத்தில் வேலை செய்பவள். கணவன், ஒரு மகள். குடும்பம் அயர்லாந்து போகத் திட்டம் போடுகிறது. வயதைக் காரணம் காட்டி இவளுக்கு அங்கே வேலை இல்லை என்று ஆகிறது. மகளின் பள்ளிக்கு வரும் குடியரசுத் தலைவர், அந்தப் பெண் கேட்ட ஒரு கேள்வியில் அசந்துபோய், அதைச் சொல்லிக் கொடுத்த அம்மாவைப் பார்க்க விரும்புகிறார். வசந்தி நல்ல புடவை கட்டிக்கொண்டு போகிறாள். அவர் முன்னால் நின்றதும் மயங்கி விழுகிறாள். ஊரே சிரிக்கிறது. கணவனும் மகளும் வெளிநாடு போய்விட, வீட்டில் தனியாக நிற்கிறாள்.

இந்த மயக்கத்தைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. வங்கி மேலாளர் அறைக்குள் முதல் தடவை போனபோது நாக்கு ஒட்டிக்கொள்ளாத பிரதிநிதி நம்மில் எத்தனை பேர்? பேச வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய், உள்ளே "வணக்கம் சார்" என்பதோடு நின்றவர்கள் உண்டு. விஷயம் தெரிந்திருந்தால் இந்த நடுக்கம் பாதி குறையும். ஓர் உதாரணம்: தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் உள்ள குழுக்களுக்குக் கொடுக்கும் கடனில் 10 லட்சம் ரூபாய் வரை வங்கி பிணையம் கேட்கக் கூடாது என்பது முன்பு ரிசர்வ் வங்கியின் விதியாக இருந்தது. 2021-ல் இந்த வரம்பு 20 லட்சமாக உயர்ந்தது. இதைத் தெரிந்துகொண்டு உட்காருகிறவரின் முதுகு தானாக நிமிரும்.

சரி, வசந்தி எப்படி எழுந்தாள்? இதைப் பலரும் தவறாகச் சொல்கிறார்கள். "தன்னம்பிக்கை வந்தது, ஜெயிச்சா" என்கிறார்கள். படத்தில் நடப்பது அப்படி இல்லை.

முதலில் வருகிறவள் ஒரு தோழி. சூசன் என்ற பழைய கல்லூரித் தோழி, 'நீ அந்தக் காலத்தில் எப்படி இருந்தாய் தெரியுமா' என்று நினைவுபடுத்துகிறாள். வசந்திக்கு ஒரு சூசன் கிடைத்தது அதிர்ஷ்டம். நமக்கு வாரா வாரம் கூடுகிற குழுவே இருக்கிறது. ஆனால் சேமிப்பு, உள்கடன், கையெழுத்து முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடிவிடுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடினாளா, கணக்கில் முதல் மார்க் வாங்கினாளா என்று நாம் கேட்டதே இல்லை.

அடுத்து, அவள் புதிதாக எதையும் தேடிப் போகவில்லை. அவள் கைக்குத் தெரிந்தது மாடியில் காய்கறி வளர்ப்பது. பூச்சிமருந்து அடிக்காத காய். அதை பஸ்ஸில் பழக்கமான ஒரு வயதான அம்மாவுக்குக் கொடுக்கிறாள். அந்த வழியாகத்தான் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குக் காய் கொடுக்கும் ஆர்டர் வருகிறது. ஒரு மாடியில் அவ்வளவு காய் விளையுமா? விளையாது. அக்கம்பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டுகிறாள். அந்தப் பெண்களும் அவரவர் மாடியில் விதை போடுகிறார்கள்.

தைரியம் வந்தபிறகு அவள் வேலையைத் தொடங்கவில்லை. தொட்டியில் காய் பிடித்ததும் கொஞ்சம், அதை ஒருவர் நன்றாக இருக்கிறது என்றதும் கொஞ்சம், நாலு வீடு சேர்ந்ததும் இன்னும் கொஞ்சம் என்றுதான் அவளுக்குத் தைரியம் வந்தது. 'பயம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று உட்கார்ந்திருந்தால் மாடி காலியாகவே கிடந்திருக்கும். பெண்களின் கனவுக்குக் காலாவதி தேதி குறிப்பது யார் என்பதுதான் அந்தக் கேள்வியின் சாரம். அதை எழுப்பிய அவளே பதிலைத் தெரிந்துகொண்டது காய் பறித்த பிறகுதான். மறுபடி குடியரசுத் தலைவரைப் பார்க்கப் போகும்போது அவள் விழவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வசந்திக்கு மாதச் சம்பளம் உண்டு. காய் காய்க்காவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும். நம்மில் பலருக்கு அப்படி இல்லை. அதனால் கடன் வாங்கிப் பெரிதாகத் தொடங்காமல், பழைய வாளி, சிமெண்ட் சாக்கு, தென்னைநார்க் கழிவு, தொழு உரம் என்று கையில் இருப்பதை வைத்து நாலு தொட்டியில் தொடங்குவதே நல்லது.

ஆர்டர் எடுப்பதென்றால் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். சிறுகீரை விதைத்து சுமார் 25 நாளில் பறிக்கலாம். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். தக்காளிக்கு நாற்று விடுவதிலிருந்து சுமார் மூன்று மாதம் வேண்டும். கத்தரிக்கும் அப்படித்தான். அடுத்த மாதக் கல்யாணத்துக்குத் தக்காளி தருகிறேன் என்று யாராவது ஒப்புக்கொண்டால் அது தைரியம் இல்லை, வம்பு.

பல வீட்டுக் காய் ஓரிடத்தில் சேர்வதைப் படத்தில் சந்தோஷமாகக் காட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நமக்குத் தெரியும், சண்டை தொடங்குகிற இடமே அதுதான். "என் காய் நல்ல காய், அவ காய் சொத்தை, ரெண்டுக்கும் ஒரே விலையா?" என்று ஒரு குரல் எழும்பினால் போதும், குழு இரண்டாகும். அதனால் யார் எத்தனை கிலோ கொடுத்தார், என்ன தரம், என்ன விலை என்பதைக் காய் கொண்டுவந்தவர் கண்முன்னாலேயே எடை போட்டு நோட்டில் எழுத வேண்டும். வண்டி வாடகையை எப்படிப் பிரிப்பது, கழித்துப்போட்ட காயின் நஷ்டம் யாருக்கு என்பதை விதை போடும் முன்பே கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.