பள்ளிச் சிறுவர்களும் கிட்டப்பார்வையும்

கரும்பலகையில் உள்ளதைப் பிழைபட எழுதிக்கொள்ளும் மாணவனைக் கவனக்குறைவு உடையவன் என்று எண்ணுவது வழக்கம். குறை அவனது கவனத்தில் இல்லாமல் கண்ணில் இருத்தலும் கூடும். ஆயினும் அவன் அதை எவரிடமும் முறையிடுவதில்லை. பிறர் எவ்வளவு தெளிவாகக் காண்கின்றனர் என்பதை அவன் அறியான். தனக்குப் புலப்படும் மங்கிய தோற்றமே இயற்கை எனக் கொள்கிறான். ஆதலின் கிட்டப்பார்வை உடையோரை ஆசிரியரும் களப்பணியாளரும் தாமே தேடிக் கண்டறிதல் வேண்டும்.

குறையின் தன்மை

இயல்பான கண்ணில், தொலைவிலுள்ள பொருளிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் விழித்திரையின் மீது குவிகின்றன. விழிக்கோளம் முன்பின்னாக அளவுக்கு மேல் நீண்டுவிட்டால், அக்கதிர்கள் விழித்திரையை எட்டுமுன்னரே குவிந்துவிடும். எனவே புத்தகத்தின் எழுத்துத் தெளிவாகவும் கரும்பலகையின் எழுத்து மங்கலாகவும் தோன்றும். ஒரு மில்லிமீட்டர் நீட்சியே ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் வரை குறையை உண்டாக்கும். குழிவில்லை பொருத்திய மூக்குக்கண்ணாடி பார்வையைத் தெளிவாக்குமேயன்றி, நீண்ட கோளத்தைச் சுருக்காது. பள்ளிப் பருவத்தில் தோன்றும் இக்குறை வளரும் வயதில் மிகுந்து செல்லும். மிகக் கடுமையான கிட்டப்பார்வை உடையோருக்குப் பிற்காலத்தில் விழித்திரை பிரிந்து பார்வை கெடும் அபாயமும் அதிகம்.

பெருகிவரும் நிலை

தில்லி நகரில் 5 முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளிடையே நடந்த ஓர் ஆய்வு 2002இல் வெளியாயிற்று. அதில் 100க்கு 7.4 பேருக்குக் கிட்டப்பார்வை காணப்பட்டது. 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு தில்லிப் பள்ளிகளில் 9,884 மாணவர்களைச் சோதித்து, 100க்கு 13.1 எனக் கண்டது. முன்னது வீடுதோறும், பின்னது பள்ளிகளிலும் நடந்தமையால் இவ்வெண்களை நேருக்கு நேர் ஒப்பிடுதல் பொருந்தாது. எனினும் கவலைக்கு இடமுண்டு. நாள்தோறும் 2 மணி நேரத்திற்கு மேல் வெளியில் விளையாடும் மாணவர்களிடம் இக்குறை குறைந்திருந்ததையும் பின்னைய ஆய்வு காட்டியது.

சீனாவின் குவாங்சௌ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் நடந்த சோதனையும் இதனை வலியுறுத்துகிறது. அவற்றுள் சில பள்ளிகளில் மாணவர்களுக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளிப்புற வகுப்பு அளிக்கப்பட்டது. மூன்றாண்டுகளில் அப்பள்ளிகளில் 100க்கு 30.4 பேருக்கும், ஏனைய பள்ளிகளில் 39.5 பேருக்கும் கிட்டப்பார்வை புதிதாகத் தோன்றியது. பகலொளி விழித்திரையில் டோபமைன் சுரப்பைத் தூண்டி, கோளத்தின் நீட்சியைத் தணிக்கிறது என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். எனவே விளையாட்டு வேளையைப் பாடத்திற்கென எடுத்துக்கொள்வது கண்ணுக்கு நன்மை செய்வதன்று.

சோதிக்கும் முறை

சோதனைக்குப் பெருஞ்செலவு இல்லை. வெளிச்சம் நிறைந்த இடத்தில், குழந்தையின் கண்மட்டத்தில், 6 மீட்டர் தொலைவில் அட்டையைப் பிடித்தல் வேண்டும். எழுத்தறியாதோருக்கும் ஏற்ற, ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்து அமைந்த அட்டை சிறந்தது. அதன் மூன்று கோடுகள் எத்திசை நோக்குகின்றன என்று குழந்தை கையால் காட்டினால் போதும். ஒரு கண்ணை அழுத்தாமல் உள்ளங்கையால் மூடி, மற்றதைத் தனியே சோதிக்க வேண்டும். கண்ணைச் சுருக்கிப் பார்க்க விடலாகாது. சுருக்கினால் மங்கிய எழுத்தும் ஓரளவு தெளிவடைந்து குறை மறைந்துவிடும். முன்னவன் சொன்னதைப் பின்னவன் ஒப்புவியாதிருக்க, அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டுக. 6/9 என்பது நற்கண் 9 மீட்டரில் காணத்தக்க எழுத்தை 6 மீட்டரில் காண்பதாகும். எந்த ஒரு கண்ணிலேனும் அதனைக் காண இயலாத குழந்தையைக் கண் மருத்துவ உதவியாளரிடம் அனுப்புதல் வேண்டும்.

கண்ணாடி வழங்குவதோடு பணி முடிந்துவிடாது. அணிந்தால் குறை வளரும் என்ற அச்சத்தாலும், பிறர் நகைப்பார்களென்ற கூச்சத்தாலும் அது பெட்டியிலேயே தங்கிவிடுதல் உண்டு. அவ்வச்சம் ஆதாரமற்றது என்பதைப் பெற்றோருக்கு எடுத்துரைத்து, சில மாதங்கள் கழித்து மாணவன் கண்ணாடி அணிந்து வருகின்றானா என்று பார்த்தல் ஆசிரியரின் கடமையாகும்.