ஆய்ந்து தெளிந்த மருத்துவம்

நோயாளியைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் எல்லா மருத்துவர்க்கும் உண்டு. ஆயினும், அவ்வெண்ணம் மட்டுமே ஒரு மருந்தை நன்மருந்து ஆக்கிவிடாது. நன்மை பயக்கும் என்று நம்பி அளித்த மருந்து தீமை விளைத்தலும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்து அறிதற்கு ஆராய்ச்சி ஒன்றே துணை. விபத்துக்கு உள்ளாகி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுவோர் பற்றி நடைபெற்ற இரண்டு பேராராய்ச்சிகள் இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றன.

தலையில் பலத்த அடி பட்டால் மூளை வீங்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி போன்றது. ஆதலால், வீக்கம் மிகுந்தால் மூளை நெருக்குண்டு உயிருக்கே இடையூறு நேரும். ஸ்டீராய்டு என்னும் வகையைச் சேர்ந்த மருந்துகள் உடலின் பிற பகுதிகளில் வீக்கத்தைத் தணிப்பன. மூளை வீக்கத்தையும் அவை தணிக்கும் என்று கருதிய மருத்துவர் பலர், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றைப் பயன்படுத்தி வந்தனர். சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர். பிழைத்தவர் மருந்தினால் பிழைத்தனரா, உடல் வலிமையால் பிழைத்தனரா என்பதை எவராலும் உறுதியாகக் கூற இயலவில்லை. சிறு சிறு ஆராய்ச்சிகள் நடந்தன. அவற்றின் முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

இந்த ஐயத்தைப் போக்குவதற்காக 1999ஆம் ஆண்டில் ‘கிராஷ்’ எனப் பெயர் பெற்ற ஆராய்ச்சி தொடங்கப்பெற்றது. 49 நாடுகளைச் சேர்ந்த 239 மருத்துவமனைகள் அதில் பங்கு கொண்டன. தலையில் காயமுற்று 8 மணி நேரத்திற்குள் வந்தவர்களுள் ஒரு சாராருக்கு ஸ்டீராய்டு மருந்தும், மற்றொரு சாராருக்கு அதனைப் போலவே தோன்றும் மருந்தற்ற நீர்மமும் செலுத்தப்பட்டன. யாருக்கு எது என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. திருவுளச்சீட்டுப் போன்ற முறையே முடிவு செய்தது. மருத்துவரே தேர்ந்தெடுத்தால், கடுங்காயம் உற்றவர் ஒரு பக்கமும் எளிய காயம் உற்றவர் மறுபக்கமும் சேர்ந்துவிடலாம். அப்பொழுது ஒப்பீடு கோணலாகிவிடும். எவருக்கு எது செலுத்தப்பட்டது என்பதும் மருத்துவருக்குத் தெரியாதவாறு மறைக்கப்பட்டிருந்தது.

20,000 பேரை ஆராய்வதே முதல் திட்டம். ஆனால், இடையிடையே கணக்கைப் பார்த்து வந்த தனிக்குழு ஒன்று 2004ஆம் ஆண்டில் ஆராய்ச்சியை நிறுத்துமாறு கூறிற்று. அதுகாறும் 10,008 பேர் சேர்க்கப்பட்டிருந்தனர். மருந்தற்ற நீர்மம் பெற்றவர்களுள் இரண்டு வாரத்திற்குள் இறந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேர். ஸ்டீராய்டு பெற்றவர்களுள் இறந்தோர் நூற்றுக்கு 21 பேர். காக்கும் என்று நம்பிய மருந்தே மரணத்தை மிகுதிப்படுத்தியது! நூற்றுக்கு மூவர் என்னும் வேற்றுமை ஒரு மருத்துவரின் கண்ணுக்குத் தோன்றாது. பல்லாயிரவரை எண்ணிப் பார்த்தமையாலேயே அது புலப்பட்டது. தலைக்காயத்திற்கு அம்மருந்தை வழக்கமாக அளித்தல் கூடாது என்பது அதன்பின் தெளிவாயிற்று.

இதே முறை, போதிய கவனம் பெறாதிருந்த ஒரு மருந்தின் பெருமையையும் வெளிப்படுத்தியது. காயத்திலிருந்து குருதி ஒழுகும்பொழுது, உடல் குருதியை உறையச் செய்து வாயிலை அடைக்கிறது. அவ்வுறைவு விரைவில் கரைந்துவிட்டால் மீண்டும் குருதி பெருகும். அதனைக் கரையவொட்டாமல் தடுப்பது டிரானெக்சாமிக் அமிலம். விலை குறைந்த இம்மருந்தை 1962ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தவர்கள், ஜப்பான் நாட்டு ஆராய்ச்சியாளர்களான உடாகோ ஒகமோட்டோ அம்மையாரும் அவர்தம் கணவர் சோசுகேயும் ஆவர். விபத்தில் காயமுற்றோர்க்கு இது பயன்படுமா என்பதை, ‘கிராஷ்–2’ என்னும் ஆராய்ச்சி 40 நாடுகளில் 20,211 பேரிடம் சோதித்தது. இந்திய மருத்துவமனைகளும் அதில் பங்கு பெற்றன. 2010ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. அப்பொழுது அம்மையாருக்கு வயது 92. மருந்து பெறாதவர்களுள் ஆயிரவருக்கு 160 பேரும், பெற்றவர்களுள் 145 பேரும் இறந்திருந்தனர். ஆயிரவருக்குப் பதினைந்து உயிர்கள் காக்கப்பட்டன.

அவ்வாராய்ச்சி வேறோர் உண்மையையும் உணர்த்தியது. காயமுற்ற 3 மணி நேரத்திற்குள் அளித்தால்தான் இம்மருந்து நன்மை செய்யும்; பிந்தி அளித்தால் தீங்கும் நேரலாம். எனவே, காயமுற்றவரை விரைந்து மருத்துவமனையில் சேர்ப்பவரும் உயிர் காப்பவரே ஆவர். 2011ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இம்மருந்தை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் காயத்திற்கெனச் சேர்த்தது.

நீண்ட நாள் வழக்கம் என்பதற்காக ஒன்றைப் போற்றுதலும், பழைய மருந்து என்பதற்காக ஒன்றைப் புறக்கணித்தலும் அறிவுடைமை ஆகா. தாம் செய்வது சரிதானா என்று ஐயுற்று, எண்ணிப் பார்த்து, தவறு எனக் கண்டால் விட்டுவிடும் நேர்மையே மருத்துவத்தை வளர்க்கின்றது. தம் துன்பத்திற்கு இடையிலும் ஆராய்ச்சிக்கு உதவிய பல்லாயிரம் நோயாளிகளும், அவர்தம் உற்றாரும், முன்பின் அறியாத பிறரது உயிரைக் காத்தவர்கள் ஆவர்.