உண்ணிக்கு மருந்து உடுப்பில்

உண்ணி மரத்திலிருந்து நம் தலையில் குதிப்பதில்லை. அதற்குக் குதிக்கவும் தெரியாது, பறக்கவும் தெரியாது. ஒற்றையடிப் பாதையோரப் புல்லின் நுனியில் ஏறி, பின்னங்கால்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, முன்னங்கால் இரண்டையும் விரித்து நீட்டியபடி காத்திருக்கும். அதன் மோப்ப உறுப்பு இருப்பதே அந்த முன்னங்கால்களில்தான். மூச்சில் வரும் கரியமில வாயு, உடற்சூடு, வியர்வை வாடை எல்லாம் அங்கே தெரிந்துவிடும். மாடோ மனிதனோ உரசிக்கொண்டு போகும்போது முடியையோ துணியையோ பற்றிக்கொள்ளும். பிறகு மேல்நோக்கி ஊரும். முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம் என்று தோல் மெல்லிய இடமாகப் பார்த்து வாயைப் பதிக்கும். தலைமயிருக்குள் உண்ணியைக் கண்டவர், மரத்திலிருந்து விழுந்தது என்று சத்தியம் செய்வார். அது பெரும்பாலும் கணுக்காலில் ஏறி, அவ்வளவு தூரம் நடந்தே போயிருக்கும்.

அந்த நடை முழுவதும் துணியின் மேல் நடக்கிறது. அதனால் துணியிலேயே மருந்தை ஏற்றிவிட்டால் என்ன என்று யோசித்தவர்கள் முதலில் ராணுவத்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையிலும் நியூகினித் தீவிலும் சண்டை போட்ட படைகளை ‘ஸ்கிரப் டைபஸ்’ காய்ச்சல் வாட்டி எடுத்தது. நம் நாளிதழ்கள் இப்போது உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது இதைத்தான். உண்மையில் இதைப் பரப்புவது உண்ணியல்ல. அதன் தூரத்து உறவான, கண்ணுக்கு எளிதில் தெரியாத மைட் என்னும் ஜீவராசியின் இளம்பருவம். அன்று இந்த நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஆஸ்திரேலியப் பூச்சியியலாளர் மெக்குல்லக், டைபியூட்டைல் தாலேட் என்ற எண்ணெய்ப்பசையுள்ள ரசாயனத்தைச் சீருடையில் தேய்த்துக்கொள்ளச் சொன்னார். அதற்கு முன் பயன்பட்ட டைமீத்தைல் தாலேட் தண்ணீர் பட்டால் போய்விடும். இது சில முறை துவைத்த பிறகும் துணியில் நின்றது. சிப்பாய்கள் அதைக் கையால்தான் சட்டையிலும் கால்சட்டையிலும் தேய்த்தார்கள்.

இன்று அந்த இடத்துக்கு வந்திருப்பது பெர்மெத்ரின். இதன் பூர்வீகம் ஒரு பூ. சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பைரித்ரம் என்ற வெள்ளைப் பூவை உலர்த்திப் பொடித்தால் பூச்சிகள் சுருண்டு விழும். கொசுவத்திச் சுருள் முதலில் இந்தப் பொடியில்தான் செய்யப்பட்டது. 1930களின் இறுதியில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸலின் குழு, தஞ்சை மாவட்டத்துப் பட்டுக்கோட்டைப் பக்கம் மலேரியாவை ஒடுக்க வீடுகளுக்குள் தெளித்துப் பார்த்ததும் இதே பூவின் சாற்றைத்தான். பூச்சாற்றுக்கு ஒரு குறை உண்டு. வெயில் பட்டால் சில மணி நேரத்தில் வீரியம் இழந்துவிடும். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் இதன் மூலக்கூற்றை மாற்றி மாற்றிச் செய்து பார்த்து, 1973இல் வெயிலைத் தாங்கும் ஒன்றைக் கண்டார்கள். அதுதான் பெர்மெத்ரின்.

இது விரட்டும் மருந்து என்று விற்கப்பட்டாலும், உண்மையில் செய்வது வேறு. கையில் பூசிக்கொள்ளும் டீட் போன்ற களிம்புகள் நம் வாடையைக் குழப்பிப் பூச்சியை அண்டவிடாமல் செய்கின்றன. பெர்மெத்ரின் அப்படியல்ல. உண்ணி துணியில் ஏறத்தான் செய்யும். ஏறிய பிறகுதான் அதற்குச் சங்கடம். கால் வழியாக உள்ளே போகும் ரசாயனம், நரம்புகளில் சோடியம் போய்வரும் வாசல்களை மூடவிடாமல் செய்துவிடுகிறது. நரம்பு ஓயாமல் துடிக்கும். ஆய்வகத்தில் இதைப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்: சுடுமணலில் வெறுங்காலுடன் நிற்பவர் போல உண்ணி ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைக்கும், திசை தெரியாமல் சுற்றும், பிடி நழுவிக் கீழே விழும். கசகசா அளவுள்ள இளம் உண்ணி சில நிமிடத் தொடுதலிலேயே நடமாட்டம் இழந்துவிடுகிறது.

அப்படியானால் அதை உடுத்தும் நமக்கு? இதே பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பாக மருந்துக்கடையில் சொறிசிரங்குக்குக் கிடைக்கிறது. டாக்டர் சொன்னால் கழுத்திலிருந்து பாதம் வரை பூசிக்கொள்கிறோம். துணிக்குத் தெளிப்பதற்கென்று அமெரிக்காவில் விற்பது வெறும் அரை சதவீதம். துணியிலிருந்து தோலுக்கு வருவது சொற்பம், அதிலும் உடம்புக்குள் போவது மிகக் குறைவு. போனதையும் நம் உடல் சீக்கிரமே உடைத்து வெளியேற்றிவிடுகிறது. பூனையின் ஈரலால் இது முடியாது. ஈரம் காயாத துணியில் பூனை படுத்தால் உயிருக்கே ஆபத்து. மீன்களுக்கும் தேனீக்களுக்கும் கடும் விஷம். மருந்து கலந்த தண்ணீரை ஓடையில் கொட்டுவது பெரும் பாவம்.

மனிதர்கள்மேல் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2011இல் வெளிவந்த அமெரிக்க ரோட் ஐலண்டு ஆய்வு ஒன்றில், ஆய்வகத்தில் வளர்த்த, கிருமியற்ற இளம் உண்ணிகளைத் தன்னார்வலர்களின் உடுப்பின் மேல் விட்டார்கள். மருந்தேற்றிய காலணியும் காலுறையும் அணிந்தவர்கள் கடிபடும் வாய்ப்பு 74இல் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் இந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ஆடக் கூடாது. வட கரோலினாவில் காட்டு வேலை பார்ப்பவர்களுக்கு இந்த உடுப்பைக் கொடுத்தபோது முதல் ஆண்டில் கடிகள் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. பின்னர் ரோட் ஐலண்டு, மாசசூசெட்ஸ் பகுதியில் நடந்த ஆய்வில் முதல் ஆண்டு 65 சதவீதமும், இரண்டாம் ஆண்டு 50 சதவீதமும்தான். அணிய அணிய, துவைக்கத் துவைக்க மருந்து இறங்குகிறது. ஆலையிலேயே ஏற்றிய துணி 70 சலவை தாங்கும் என்று லேபிளில் போட்டிருப்பார்கள். வீட்டில் தெளித்தால் ஆறு சலவை அல்லது ஆறு வாரம். பூச்சாற்றைப்போல் சில மணி நேரத்தில் அல்ல என்றாலும், வெயிலில் கிடந்தால் இதன் வீரியமும் மெல்லக் குறையும். துணியை இருட்டில் மூடி வைப்பது நல்லது.

உண்ணி பரப்பும் லைம் நோய் பரவிய அமெரிக்காவில் மலையேறுபவர்களும் வேட்டைக்காரர்களும் இதைச் சாதாரணமாக வாங்குகிறார்கள். நம் நாட்டில் இது யாருக்கு வேண்டும்?

கர்நாடகத்தின் மலைநாட்டில், சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் 1957இல் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. பின்னாலேயே மனிதர்களுக்கும் காய்ச்சல் கண்டது. காட்டின் பெயரே நோய்க்கும் பெயரானது. மக்கள் வழக்கில் குரங்குக் காய்ச்சல். பரப்புவது ஹெமாஃபைசாலிஸ் இன உண்ணி. நவம்பர் தொடங்கிக் கோடைவரை அதன் இளம்பருவம் தரைச் சருகெங்கும் இருக்கும். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். 2012இல் பந்திப்பூரில் வனப் பணியாளர்களுக்கு இந்நோய் வந்தது, அதையொட்டி நம் முதுமலையிலும் இறந்த குரங்குகளில் வைரஸ் தென்பட்டது, அடுத்து வயநாடு. நீலகிரிக்கு இது அயலூர்ச் செய்தி அல்ல.

இங்கே கடிபடுபவர் யார் என்று பார்த்தால், பாக்குத் தோப்புக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் சருகு அள்ளப் போகும் பெண், விறகு பொறுக்குபவர், மாடு மேய்ப்பவர், வனக் காவலர். அரசு இவர்களுக்குத் தருவது ‘டெபா’ எண்ணெய். குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகம் உருவாக்கிய நல்ல பொருள். ஆனால் தோலில் பூசுவது. வியர்வையிலும் நேரத்திலும் போய்விடும். காலையில் பூசிக்கொண்டு மாலைவரை சருகு வாருபவர் நடுவில் மறுபடி பூச வேண்டும். பிசுபிசுக்கும் அந்த எண்ணெயை எத்தனை பேர் பூசுவார்கள்?

மருந்தேற்றிய உடுப்பு அவருக்குத்தான் முதலில் வேண்டும். ஆனால் மேலே சொன்ன அமெரிக்க ஆய்வுகள் காலணியும் காலுறையும் போட்டவர்மேல் நடந்தவை. சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, வெறுங்காலோடு காட்டில் இறங்குபவரின் காலில் உண்ணிக்கு நேராகத் தோலே கிடைக்கும். வெறுங்காலில் தொற்றும் உண்ணி எந்த மருந்துத் துணியையும் மிதிக்காமலே கடித்துவிடலாம். ஆகவே நம் மலைகளுக்கு ஏற்றது மேல்நாட்டு ‘ஹைக்கிங்’ சட்டை அல்ல. முழங்கால்வரை வரும், மருந்தேற்றிய நெசவுக் காலுறையும் ஒரு ஜோடி மலிவான பூட்ஸும் போதும். அட்டைக்கடிக்காக மலைப்பகுதிகளில் போடும் நீளக் காலுறை நமக்குப் பழக்கமானதுதானே. பூச்சிமருந்து தோய்த்த கொசுவலையை மலேரியாப் பகுதிகளில் வீடு வீடாக வழங்கத் தெரிந்த நாட்டுக்கு, காலுறையைத் தோய்ப்பது பெரிய வித்தை அல்ல. வனத்துறை தன் சீருடையிலிருந்தே தொடங்கலாம்.

இதைப் படித்துவிட்டு, மாட்டு உண்ணிக்கு வாங்கிய டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் புட்டியைத் தண்ணீரில் கலக்கிச் சட்டையை முக்குவோம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவையும் பெர்மெத்ரினின் பங்காளிகள்தான் என்றாலும், அவற்றில் கலந்திருக்கும் கரைப்பான்களும் அவற்றின் வீரியமும் நாள் முழுதும் மனிதத் தோலில் உரசும் துணிக்கானவை அல்ல. அதுவுமல்லாமல் நம் ஊர் மாட்டு உண்ணிகள் பல இடங்களில் இந்த மருந்துகளுக்கே எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டன. துணிக்கென்றே தயாரித்த தெளிப்பான் கிடைத்தால், உடுப்பைக் கழற்றிக் கொடியில் போட்டு, காற்றோட்டமான இடத்தில், காலுறை, கால்சட்டை ஓரம், காலணி மூன்றுக்கும் நனைகிற அளவு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு உடுத்துங்கள். உள்ளாடையில் வேண்டாம். தோலில் அடிக்கவே கூடாது.

கிடைக்காவிட்டால், கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். வெளிர் நிறத் துணி போட்டால் ஊர்வது கண்ணில் படும். வீடு திரும்பியதும் துணி அத்தனையும் வெந்நீருக்குப் போகட்டும். குளிக்கும்போது முழங்கால் மடிப்பையும் தலைமயிரையும் தடவிப் பாருங்கள். கடித்திருக்கும் உண்ணியைத் தீக்குச்சியால் சுடாமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். காட்டிலிருந்து வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், கடைக்குப் போய் மாத்திரை கேட்காமல் டாக்டரிடம் போய், காட்டுக்குப் போயிருந்தேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஸ்கிரப் டைபஸாக இருந்தால், நேரத்தில் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை உயிரைக் காப்பாற்றும்.