குமரப் பருவத்தார்க்குப் பாலறிவு புகட்டும் முறை

மக்கள் வாழ்வில் பத்தாம் அகவை தொடங்கிப் பத்தொன்பதாம் அகவை முடியவுள்ள காலத்தை வளரிளம் பருவமென உலகச் சுகாதார நிறுவனத்தார் வகுத்துள்ளனர். உடல் வளர்தலும் உள்ளம் மாறுதலும் ஒருங்கே நிகழும் இப்பருவத்தில், தம்மிடத்து நிகழ்வது யாதென அறிய விழையாத பிள்ளை ஒருவரும் இலர். அவ்விழைவுக்கு விடை கிடையாமற் போவதில்லை. அதனைப் பெற்றோரும் ஆசிரியரும் கூறாவிடின் கைப்பேசியும் தெருமுனைத் தோழரும் கூறுவர். ஆதலின் பாலறிவையும் கருத்தடை அறிவையும் இளையோர்க்கு யார், எப்பொழுது, எங்ஙனம் புகட்டுதல் தகும் என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் நம் ஊர் வழக்கத்தை நோக்குவோம். சதுரகிரி மலையடிவாரத்தே வத்திராயிருப்பை அடுத்துள்ள மகாராஜபுரம் முதலாக, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகியவற்றின் சுற்றுப்புறச் சிற்றூர்களில், பெண்பிள்ளை பூப்பெய்துதல் மறைபொருளன்று. தாய்மாமன் ஓலை கொணர்ந்து குடிசை கட்டுவான். மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை அச்சாகும். சீர்த்தட்டுகள் மேளத்துடன் தெருவில் வரும். ஒலிபெருக்கி ஊரெங்கும் முழங்கும். இவ்வாறு ஒரு பெண் கருத்தாங்கும் பருவமெய்தினாள் என்று ஊரறியச் சாற்றும் நாம், குருதி ஏன் வருகின்றது, கரு எங்ஙனம் உண்டாகின்றது என்பவற்றை அவளுக்குச் சொல்வதில்லை. 'அங்கே போகாதே, அதைத் தொடாதே' என்பனவே அவள் பெறும் பாடம். ஆண்பிள்ளைக்கோ அதுவும் இல்லை. உறக்கத்தில் விந்து வெளிப்படுதல் இயற்கை என்று எடுத்துரைப்பார் இன்மையால், 'நரம்புத் தளர்ச்சி' என்று சுவரொட்டிகளில் அச்சுறுத்தும் போலி வைத்தியரிடம் பொருளையும் மன அமைதியையும் இழப்பார் பலர்.

இம்மௌனம் நம் முன்னோர் வகுத்ததன்று. தொல்காப்பியக் கற்பியல், பரத்தையிற் பிரிந்த தலைவனும் பூப்பு நிகழ்ந்த பின் பன்னிரு நாளும் மனைவியை நீங்கியுறைதல் கூடாதென விதிக்கின்றது. உரைகாரர் அதனைக் கருத்தோன்றும் காலத்தொடு பொருத்திப் பொருள் விரிப்பர். அடுத்த பூப்புக்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன்னர்ச் சூலகத்தினின்று கருமுட்டை வெளிப்படும் என்பது இக்கால மருத்துவர் துணிபு. கணக்கு முற்றும் பொருந்தாதாயினும், இலக்கண நூலொன்று இதனை ஆராய நாணவில்லை என்பது கருதத்தக்கது. திருவள்ளுவரும் 133 அதிகாரங்களுள் 25-ஐ இன்பத்துக்கென ஒதுக்கினார். வீரமாமுனிவர் குறளை இலத்தீனில் பெயர்த்தபொழுது அப்பாலை விடுத்தார். 1886-இல் வெளியான போப்பையரின் ஆங்கில மொழிபெயர்ப்போ அதனையும் உட்கொண்டது. எனினும் 2017-ஆம் ஆண்டில் குறளைப் பள்ளிப் பாடமாக்கியபொழுது அறமும் பொருளுமே இடம் பெற்றன. இன்பம் வெளியே நிறுத்தப்பட்டது. உன்னதப்பாட்டைத் தன்னகத்தே கொண்ட திருமறையை ஓதும் நம் திருச்சபையாரும், அப்பகுதியை இளையோர்க்கு விளக்கத் தயங்குதலைக் காண்கின்றோம்.

இனி, கருத்தடையைப் பற்றிய வாதமும் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1920-களின் இறுதியிலேயே சென்னையில் நியோ-மால்தூசியன் சங்கம் இதற்கெனத் தோன்றிற்று. பெரியார் ஈ. வெ. ராமசாமி 1930 முதல் இதனை வலியுறுத்தி எழுதினார். 'கர்ப்ப ஆட்சி' என்னும் நூலும் வெளிவந்தது. பிறர் நாட்டின் வறுமையையும் மகளிர் உடல்நலத்தையும் காரணமாகக் காட்ட, அவர் பெண்ணின் விடுதலையையே முதற்காரணமாக வைத்தார். காந்தியடிகள் புலனடக்கம் ஒன்றே வழியென்றார். 1935-இல் வார்தாவில் தம்மைக் காண வந்த மார்கரெட் சாங்கர் அம்மையாரிடமும் அதனையே வற்புறுத்தினார். கிறிஸ்தவர்க்குள்ளும் கருத்து இருவகைப்பட்டது. 1930-இல் ஆங்கிலிக்கன் பேராயர்கள் லாம்பெத் மாநாட்டில், தக்க காரணம் உள்ளவிடத்து மணவாழ்வில் கருத்தடையை ஒப்பினர். அவ்வாண்டிலேயே உரோமைத் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் அதனை மறுத்தார். 1968-இல் ஆறாம் சின்னப்பரும் அம்மறுப்பை உறுதி செய்தார். இவ்விரு நிலைகளையும் அவற்றின் காரணங்களையும் இளையோர்க்கு ஒளியாது உரைத்தலே நேர்மையாகும். செய்தியை மறைத்து ஒழுக்கத்தைக் காத்தல் இயலாது. ஒருவன் அறியாததொன்றை விலக்குதல் ஒழுக்கமென்று சொல்லப்படாது.

அறியாமையின் விலை சிறிதன்று. 2019-21-இல் நிகழ்ந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 அகவை வரையுள்ள மகளிருள் நூற்றுக்கு 12.8 பேர் 18 நிரம்புமுன் மணஞ்செய்விக்கப்பட்டோர். 15 முதல் 19 வரையுள்ளாருள் நூற்றுக்கு 6.3 பேர் அப்பொழுதே தாயராகவோ கருவுற்றோ இருந்தனர். மேலும் மணமான மகளிருள் பாதிக்கு மேற்பட்டோர் அறுவைக் கருத்தடை செய்துகொண்டிருக்க, ஆடவர் அறுவை நூற்றுக்கு ஒன்றும் இல்லை. பாரம் முழுதும் பெண் தலையிலேயே விழுகின்றது; மகப்பேற்றைத் தள்ளிவைக்கும் எளிய முறைகளைப் பலர் அறிவதற்குள் பிள்ளைப்பேறு முடிந்துவிடுகின்றது. நோயின் அச்சமும் உண்டு. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. தொற்று முதன்முதல் வெளிப்பட்டது 1986-இல், நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் திரட்டிய குருதி மாதிரிகள் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆராயப்பட்டே அவ்வுண்மை புலனாயிற்று.

நிற்க. புகட்டும் முறையாதெனின், அது அகவைக்கேற்ப மூன்று படிகளாக அமைதல் நன்று.

முதற்படி வீட்டில் தொடங்குவது. பத்து அகவைக்கு உட்பட்ட குழந்தைக்கு உடலுறுப்புகளின் பெயர்களை நாணமின்றிச் சொல்லித் தருக. தீய தொடுகை இன்னதென்றும், அது நேர்ந்தால் செய்தவர் உறவினராயினும் ஒளியாது சொல்ல வேண்டுமென்றும், 1098 என்னும் எண்ணில் குழந்தைகளுக்கு உதவி கிடைக்குமென்றும் உணர்த்துக. இரண்டாம் படி பூப்புக்கு முன்னரே முடிதல் வேண்டும். குருதியைக் கண்டு அஞ்சி அழுத பின்னர்ச் சொல்வது பாடமன்று, ஆறுதலே. தாய் மகளுக்கும் தந்தை மகனுக்கும் கூறுதல் இயல்பாயினும், மகன் பூப்பைப் பற்றியும் மகள் ஆணின் வளர்ச்சியைப் பற்றியும் அறிதல் வேண்டும். அப்பொழுதுதான் கேலி ஒழிந்து மதிப்பு வரும். பெற்றோர் இதனை ஒரே நாளில் சொற்பொழிவாக ஆற்ற வேண்டுவதில்லை. நாளேட்டுச் செய்தியோ, வீட்டுப் பசு ஈனுதலோ, அத்தை கருவுற்றிருத்தலோ பேச்சைத் தொடங்கப் போதும். தமக்கு விடை தெரியாதவிடத்து, 'கேட்டுச் சொல்கிறேன்' என்று கூறி, கிராமச் செவிலியரிடம் கேட்டுச் சொல்வதில் இழுக்கில்லை.

மூன்றாம் படி பள்ளிக்குரியது. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் தாவர விலங்கினங்களின் இனப்பெருக்கம் பாடமாக உள்ளது. ஆயினும் பூவின் மகரந்தத்தை விரித்துரைக்கும் ஆசிரியர், மனிதரைப் பற்றிய பக்கம் வந்ததும் 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று கடந்து செல்வதுண்டு. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் இது விரிவாக வருவதாயினும், வணிகவியலும் வரலாறும் பயில்வார்க்கு அஃது எட்டாது. ஆதலின் எல்லாப் பிரிவினர்க்கும் பொதுவாக, பயிற்சி பெற்ற ஆசிரியரும் அரசு மருத்துவரும் கூடி நடத்தும் வகுப்புகள் வேண்டும். பெயரெழுதாத வினாச்சீட்டுகளைப் பெட்டியிலிடச் செய்து, அவற்றுக்கு விடையளித்தல் கூச்சத்தைப் போக்கும் எளிய வழி.

அவ்வகுப்பில் கருத்தடை முறைகள் உள்ளபடியே கூறப்படல் வேண்டும். ஆணுறை விந்தைத் தடுப்பதோடு நோய்த்தொற்றையும் தடுக்கும். அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரை கருமுட்டை வெளிப்படுதலைத் தடுக்குமாயினும் நோயைத் தடாது. காப்பர்-டி பல்லாண்டு பயன்தந்து, எடுத்தபின் மீண்டும் கருவுற இடந்தரும். அவசர மாத்திரை 72 மணி நேரத்துக்குள், விரைவாக உட்கொள்ளுந்தோறும் மிகுதியாகப் பயன்படும். உண்டான கருவை அது கலைக்காது. இவற்றோடு சட்டமும் தெரிதல் வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 நிரம்பாதாரின் இசைவு இசைவாகக் கொள்ளப்படாது. அச்சத்தால் மருத்துவமனையை நாடாது கெடும் சிறுமியர்க்கு ஒரு செய்தி: கருக்கலைப்பை நாடும் சிறுமியின் பெயரை, அவளும் அவள் பாதுகாவலரும் வேண்டின், மருத்துவர் காவலர்க்கு வெளியிட வேண்டுவதில்லை என 2022-இல் உச்சநீதிமன்றம் தெளிவுறுத்தியது. இவையனைத்தினும் மேலாக, மறுப்பைக் கேட்டு நிற்கும் பண்பும், காதலின் பெயரால் வற்புறுத்துதல் வன்முறையே என்னும் தெளிவும் கற்பிக்கப்படல் வேண்டும்.

'சொல்லிக் கொடுத்தால் செய்யத் தூண்டாதோ?' என்பார் உளர். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, இத்தகைய கல்வி உடலுறவை முற்படுத்துவதில்லை என்றும், 'விலகியிரு' என்று மட்டும் போதித்தல் பயனளிப்பதில்லை என்றும் கூறுகின்றது. சுவீடன் 1955-லேயே இதனைக் கட்டாயப் பாடமாக்கியது. 'இது மேனாட்டுப் பழக்கம்' என்பார்க்கு நம் உச்சநீதிமன்றமே விடையளித்துள்ளது: சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பொன்றை மாற்றி 2024 செப்டம்பர் 23-இல் வழங்கிய தீர்ப்பில், பாலியற் கல்வி இந்தியப் பண்புக்கு மாறானது என்னும் எண்ணம் தவறென்று சுட்டி, அதனை விரிவாக நடத்துமாறு அரசுக்கு அறிவுறுத்திற்று.

ஆகவே, மஞ்சள் நீராட்டுக்குப் பந்தலிடும் பெற்றோர், அதற்கு முந்திய ஓராண்டில் சில மாலைப்பொழுதுகளைத் தம் பிள்ளைகளுக்கென ஒதுக்குவாராக. ஆசிரியர் அப்பாடப் பக்கத்தைத் தாண்டாது நடத்துவாராக. நாளை ஆசிரியராகவும் பெற்றோராகவும் ஆகவிருக்கும் நம் கல்லூரி மாணவர், இதனை இன்றே நூல்வழியும் மருத்துவர்வழியும் செம்மையாகக் கற்று, விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் தம்பி தங்கையர் கேட்கும் வினாவுக்குச் சிரித்து மழுப்பாது விடை கூறுவாராக. உடல் இறைவன் வாழும் ஆலயமென்று நம்புவோர்க்கு, அவ்வாலயத்தின் அமைப்பை அறிவித்தலும் ஒரு திருப்பணியே.