இதயம் நிற்கும் முன்பே தொடங்கும் வேலை

சினிமாவில் இதயம் நின்றால் மார்பில் இரண்டு தகடுகளை வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். நோயாளி உடனே கண் விழிப்பார். கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனையிலோ கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலோ பிள்ளையைச் சேர்த்துவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அந்தக் காட்சியே நினைவில் ஓடக்கூடும். குழந்தைகளுக்கு நடப்பது பெரும்பாலும் வேறு. முதலில் மூச்சு தளரும், அல்லது கிருமித்தொற்றில் இரத்த அழுத்தம் இறங்கும். துடிப்பு மெல்லக் குறைந்து, கடைசியில்தான் இதயம் ஓயும். மின் அதிர்ச்சிக்கு அங்கே வேலை குறைவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு பிள்ளை பிழைத்தால், பெரும்பங்கு முன்பே செய்து வைத்த ஏற்பாட்டுக்குத்தான் என்பேன்.

துடிப்பு நிமிடத்துக்கு 60-க்குக் கீழே போய், மூச்சு கொடுத்தும் இரத்த ஓட்டம் தேறவில்லையென்றால், இதயம் நிற்கட்டும் என்று காத்திராமல் மார்பை அழுத்தத் தொடங்குகிறார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, மார்பின் கனத்தில் மூன்றிலொரு பங்கு ஆழம். கைக்குழந்தைக்கு அது சுமார் 4 சென்டிமீட்டர். மெத்தை அமுங்கினால் அழுத்தம் வீணாகும், அதனால் முதுகுக்கடியில் பலகை. கை சோர்ந்துவிடும் என்பதால் 2 நிமிடத்துக்கொருமுறை ஆள் மாறுகிறார்கள். 10 கிலோ பிள்ளைக்கு அட்ரினலின் 0.1 மில்லிகிராம், பதற்றத்தில் புள்ளி ஓரிடம் நகர்ந்தால் பத்து மடங்கு. ஆகவே எடைக்கேற்ற அளவை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பதும், கட்டளையைக் கேட்ட தாதி அதை உரக்கத் திருப்பிச் சொல்வதும் வெறும் சம்பிரதாயமல்ல. தலைமை மருத்துவர் எதிலும் கை வைக்காமல் கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். தமனியில் குழாய் இருந்தால் அவர் கண் திரையில் இருக்கும்: கீழ் இரத்த அழுத்தம் கைக்குழந்தைக்கு 25, ஒரு வயது தாண்டியவருக்கு 30 வருகிறதா? வராவிட்டால், அழுத்துபவரிடம் சொல்லித் திருத்துவார்.

இவற்றையெல்லாம் ஒத்திகை பார்ப்பதற்குப் பலன் உண்டா என்று கேட்கலாம். கேட்க ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் 18 குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், ஊழியர்களுக்குக் கட்டிலருகே அடிக்கடி பயிற்சி தந்து, இதயம் நின்ற சம்பவங்களைப் பற்றிக் கூடிப் பேசவும் வைத்தார்கள். மூளைத்திறன் குன்றாமல் வீடு திரும்பியோர் பயிற்சிக் காலத்தில் நூற்றுக்கு 54, வழக்கமான காலத்தில் 52, பெரிய வித்தியாசமில்லை. பயிற்சி வீண் என்று நான் இதைப் படிக்கவில்லை. இரு தரப்பிலும் பாதிக்கு மேல் தேறியிருக்கிறார்கள். ஏற்கெனவே தேர்ந்த கைகளுக்குக் கூடுதல் பயிற்சி அதிகம் சேர்க்கவில்லை, அவ்வளவே. பயிற்சியே இல்லாத இடத்தைப் பற்றி அந்த ஆய்வு பேசவில்லை.

பெற்றோரை உள்ளே விட்டால் வேலை கெடும் என்பது இன்னொரு வாதம். விரும்பினால் அவர்கள் உடனிருக்கலாம் என்றே இன்றைய வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன, ஒரு நிபந்தனையுடன்: என்ன நடக்கிறதென்று அவர்களுக்கு விளக்கத் தனியே ஒருவர் வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்த பாட்டிக்கு அதைத் தமிழில் சொல்பவர் யார் என்பதையும், அட்ரினலின் அளவைப் போலவே, முன்கூட்டி முடிவு செய்துவைக்கலாம்.